திம்பம் சாலையில் யானை நின்றால்

பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம், அப்புறம் ஆசனூர், காரப்பள்ளம், கர்நாடக எல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேரும் இடம் இது. தண்ணீரையும் புல்லையும் தேடிப் போகும் யானைக் கூட்டங்கள் தேசிய நெடுஞ்சாலை 948-ஐக் கடந்துதான் ஆகவேண்டும்.

யானைகளின் நடத்தையைக் கவனித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. அதில் பெரும்பகுதி சாலையோரத்தில் நடப்பதால் வண்டிகளில் வருபவர்களையும் சேர்த்தே கவனிக்கிறேன். 'யானை திடீரென்று துரத்தியது' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் பார்த்தவரை அப்படித் திடீரென்று நடப்பது அபூர்வம். தனக்குப் பிடிக்கவில்லை என்பதை யானை வெகுநேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். காருக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது புரிவதில்லை.

மேய்கிற யானையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்காலால் புல்லை உதைத்துப் பெயர்க்கும். தும்பிக்கையில் சுருட்டி, வேரில் ஒட்டிய மண் உதிரும்வரை காலில் தட்டிவிட்டு வாயில் வைக்கும். காது ஒரே சீராக விசிறிக்கொண்டிருக்கும், வால் ஆடிக்கொண்டிருக்கும். நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி நெருங்கியதும் முதலில் நிற்பது காது. விசிறல் நின்றால் அது உங்கள் சத்தத்தைக் கவனித்துக் கேட்கிறது. அடுத்து தும்பிக்கையின் நுனி உங்கள் பக்கம் வளைந்து மோப்பம் பிடிக்கும். புல்லைப் பிடுங்கும், ஆனால் தின்னாது. ஒரு முன்காலை முன்னும் பின்னும் ஆட்டும். மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளும். 'எவ்வளவு அழகா விளையாடுது பாரு' என்று போனை நீட்டுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். உண்மையில் அப்போது அது போவதா எதிர்ப்பதா என்று தவித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிமிடத்தில் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்தீர்களென்றால் பெரும்பாலும் எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

எடுக்காவிட்டால் காதுகளை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறியபடி சில அடி ஓடிவந்து நிற்கும். பெரும்பாலும் இது மிரட்டல். தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், வேகம் குறையாமல் வந்தால் நிஜம். இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மிரட்ட வந்த யானை மனம் மாற ஒரு நொடி போதும்.

குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நான்கைந்து அரசுப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. இன்ஜினை அணைக்காதீர்கள், யானை பக்கத்தில் வந்தபிறகு ஸ்டார்ட் செய்யும் சத்தமே அதை உசுப்பிவிடும். உறுமவும் விடாதீர்கள். ஹாரன் கூடாது, ஹைபீம் கூடாது, கதவைத் திறந்து இறங்கவே கூடாது.

எனக்கு அதிகம் பயம் தருவது யானைக்குப் பின்னாலும் முன்னாலும் சேரும் வண்டி வரிசைதான். முதல் கார் சரியான தூரத்தில் நிற்கும். அடுத்தவர் அதன் பம்பரை ஒட்டி நிறுத்துவார், மூன்றாமவர் வலப்பக்கம் ஏறி வருவார். எதிர்த்திசையிலும் இதே கதை. இப்போது முதல் காருக்கு ரிவர்ஸ் எடுக்க இடமில்லை, யானைக்கு இறங்கிப்போக வழியில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் சரிவு என்றிருக்கும் வளைவுகளில் இதைவிட ஆபத்தான நிலை கிடையாது. நீங்கள் இரண்டாவது, மூன்றாவது வண்டியாக இருந்தால் இரண்டு கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவரின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

கூட்டம் கடக்கும்போது குட்டியைப் பெரிய யானைகள் நடுவில் வைத்துக்கொள்ளும். சாலை காலியானதும் கிளம்பிவிடாதீர்கள். உண்ணிச்செடிப் புதர் இந்தக் காட்டில் அடர்த்தி. அதற்குள் நிற்கும் கடைசி யானை பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி புகுந்துவிட்டால் அப்புறம் எந்த விதியும் உதவாது.

தனியாக நிற்கும் ஆண் யானை என்றால் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கருப்பாக நீர் வழிந்து, பின்னங்கால்களும் சிறுநீரில் நனைந்திருந்தால் அதற்கு மதம் பிடித்திருக்கிறது. அதன் பக்கத்தில் போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

காரப்பள்ளம் பக்கம் இன்னொரு பிரச்சினை, கரும்பு. ஆலைக்குப் போகும் லாரிகளை எதிர்பார்த்துச் சில யானைகள் சாலையில் வந்து நிற்கப் பழகிவிட்டன. டிரைவர்கள் நாலு கரும்பை உருவிப் போட்டதால் வந்த பழக்கம். இப்போது அவை லாரியை மறிக்கின்றன, பேருந்தை மறிக்கின்றன, காய்கறி வண்டியில் தும்பிக்கையை நுழைக்கின்றன. பாசத்தில் செய்தாலும் பக்தியில் செய்தாலும் யானைக்குத் தின்னக் கொடுப்பது அதற்குச் செய்யும் கெடுதல். வாழைப்பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

பைக்கில் வருபவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நின்றிருந்தது. எச்சரிக்கையை மீறி பைக்கில் கடக்கப் பார்த்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் உயிரிழந்தார். பைக்கில் உங்களைச் சுற்றித் தகரம்கூட இல்லை. யானையைக் கண்டால் திரும்பி வந்து, ஒரு பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருங்கள்.

இரவில் யானையின் உடல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. கண்ணும் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும். வளைவில் திரும்பியபின்தான் எதிரே நிற்பது தெரியும். பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. திம்பம் சாலையிலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தது. கட்டுப்பாடு தொடங்குவதற்குள் போய்விடலாம் என்று கடைசி நிமிடத்தில் ஏறி, வளைவுகளில் விரட்டாதீர்கள். அந்தி நேரம் யானைகள் அதிகம் நடமாடும் நேரம்.

வழியில் யானையைப் பார்த்தால், அடுத்த சோதனைச்சாவடியில் ஒரு நிமிடம் நிறுத்தி எந்த வளைவு, தனி யானையா கூட்டமா, மதநீர் வழிகிறதா என்று சொல்லிவிட்டுப் போங்கள். அங்கிருக்கும் வேட்டைத்தடுப்புக் காவலர்கள் கீழே பைக்குகளை நிறுத்தி வைக்க அந்தத் தகவல் போதும்.