‘ஒருங்கிணைக்கப்படாத சமூகம்’: ஊரைத் தொலைத்த மொழிபெயர்ப்பு

“ஃபான்ஸ்கின், ஏரிக்கரையில் உள்ள ஒரு சிறிய ஒருங்கிணைக்கப்படாத மலைச் சமூகம்.” அமெரிக்க ஊர்களைப் பற்றித் தமிழில் படிக்கப் போனால் இந்த வார்ப்பில்தான் வாக்கியம் வருகிறது. இதைப் படிக்கும் தமிழருக்கு என்ன புரியும்? ஏதோ ஒரு பழங்குடி, பிறரோடு சேராமல் ஒதுங்கி வாழ்கிறது என்றுதான் புரியும். உண்மையில் அது கலிபோர்னியாவில் பிக் பேர் ஏரியின் வடகரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் அது அன்இன்கார்ப்பொரேட்டட் கம்யூனிட்டி. லத்தீனில் கார்ப்பஸ் என்றால் உடல். ஓர் ஊரைச் சட்டம் தனி ஆளாக ஏற்றுக்கொள்வதே இன்கார்ப்பொரேட் ஆவது. அப்படி ஆன ஊர் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும், தனக்கென மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆகாத ஊரைக் கவுண்டி என்னும் மாவட்ட நிர்வாகம் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும்.

இதில் ‘ஒருங்கிணைப்பு’ எங்கே வந்தது? இன்டகிரேட் என்பதையும் இன்கார்ப்பொரேட் என்பதையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்தது. தமிழில் ‘ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம்’ என்றால் பிரிப்பதற்கு முந்தைய தஞ்சை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் ‘ஒருங்கிணைக்கப்படாத’ என்று படித்தால், இந்த ஊரை எதோடோ சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஃபான்ஸ்கினோ சான் பெர்னார்டினோ கவுண்டிக்குள் முழுமையாகச் சேர்ந்தே இருக்கிறது. அதை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுக்கும் 5 பேர் கொண்ட கவுண்டி வாரியம். இல்லாதது ஊருக்கென்று ஒரு மன்றம் மட்டுமே.

‘கூட்டிணைக்கப்படாத’ என்போர் கொஞ்சம் யோசித்தவர்கள். இலங்கையில் ஓர் அமைப்புக்குச் சட்ட உருவம் தரும் சட்டங்களுக்கு ‘கூட்டிணைத்தல்’ என்றே பெயர். அமைப்புக்கு அது பொருந்தும். ஊருக்குச் சொன்னால் ஈழத் தமிழர்கூட ஒருமுறை நின்றுதான் படிப்பார். ‘ஊராட்சி’ என்று போடுவது இன்னும் தவறு. நம் ஊராட்சிக்குத் தலைவர் உண்டு, வார்டு உறுப்பினர் உண்டு; ஃபான்ஸ்கினுக்கு அவை கிடையாது.

வேரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. 1688இல் சென்னையில் வந்த கார்ப்பரேஷனும் அதே ‘உடல்’ வேரிலிருந்து வந்ததுதான். அதை நாம் ‘சென்னைப் பேருடல்’ என்றா சொன்னோம்? அது செய்யும் வேலையைப் பார்த்து ‘மாநகராட்சி’ என்றோம், சொல் நிலைத்துவிட்டது. அதே வழியில் போனால் இதற்கும் நல்ல தமிழ் கிடைக்கும்: ‘தனி உள்ளாட்சி இல்லாத ஊர்’. ‘நகராட்சி இல்லாத ஊர்’ என்றால் பேரூராட்சியாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும். ‘உள்ளாட்சி’ அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது. ‘தனி’ என்பதையும் விடக்கூடாது, ஏனென்றால் கவுண்டியும் ஓர் உள்ளாட்சிதான்.

அந்த ஏரியைச் சுற்றியே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். தென்கரையில் உள்ள பிக் பேர் லேக் என்னும் ஊர் 1980இல் தனி நகரமானது. கிழக்கே உள்ள பிக் பேர் சிட்டியின் பெயரிலேயே ‘சிட்டி’ இருக்கிறது, ஆனால் சட்டப்படி அது நகரமே இல்லை, ஃபான்ஸ்கின் போலத்தான். பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் இங்கே கட்டாயம் வழுக்கி விழுவார். (ஏரி என்ற சொல்லில் மட்டும் குறையில்லை. மலையடிவாரத்தில் உள்ள ரெட்லாண்ட்ஸ் என்னும் ஊரின் தோட்டப் பாசனத்துக்காக 1884இல் அணை கட்டித் தேக்கிய நீர் அது. நம் ஏரிகளைப் போலவே.)

‘சமூகம்’ என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கம்யூனிட்டி என்று கண்டாலே கை தானாகச் சமூகம் என்று எழுதிவிடுகிறது. தமிழில் சமூகம் என்றால் மக்கள், பேச்சுவழக்கில் சாதி. வீடும் தெருவும் தபால் நிலையமும் இருக்கும் இடத்துக்கு ஊர் என்று பெயர். சங்கப் பாடல் முதல் பேருந்துப் பலகை வரை புழங்கும் இரண்டெழுத்துச் சொல்லை விட்டுவிட்டு ‘சமூகத்தில் 400 பேர் வசிக்கின்றனர்’ என்று எழுதுகிறோம். அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர், வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே இது நடக்காது.

“ஃபான்ஸ்கின், பிக் பேர் ஏரியின் வடகரையில் உள்ள சிறிய மலையூர், தனி உள்ளாட்சி இல்லாததால் சான் பெர்னார்டினோ கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது.” இப்படி எழுதலாம். அட்டவணையில் இடம் போதாவிட்டால் ‘கவுண்டி நேரடி ஊர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.