பாட்டு அதேதான், கடல்தான் வரவில்லை

மனநல சிகிச்சைக்கு என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதல் சந்திப்பில் நான் கேட்பது: "மனசு சரியில்லாதபோது என்ன பாட்டு கேட்பீங்க?" பேச்சைத் தொடங்க வசதியான கேள்வி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது அதற்கு வேறு வேலையும் உண்டு.

முப்பதுகளில் இருந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) போனை எடுத்துக் காட்டினார். 'கடல்' என்று பெயர் வைத்த ஒரு பட்டியல். வேலையில் தலை வெடிக்கும் நாட்களில் ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டால் போதுமாம். கிட்டார் ஆரம்பித்ததும் கால் ஈரமணலில் புதைகிற மாதிரி இருக்குமாம். கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்றேன். "நேத்துகூட கேட்டேன். பாட்டு அதேதான் மேடம். கடல்தான் வரவே மாட்டேங்குது."

பாட்டுக்குள் கடல் எப்படி வருகிறது? பாதி, ஒலி செய்யும் வேலை: நிதானமான தாளம், தூரத்தில் கேட்பதுபோல் எதிரொலிக்கும் கிட்டார், வழுக்கிக்கொண்டு இறங்கும் சுரங்கள். மீதி நம் நினைவு. பதின்பருவத்திலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகள் பலருக்கும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். பிடித்த இடம் வரும்போது மட்டுமல்ல, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் கணத்திலேயே மூளையில் டோபமைன் (இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள்) சுரப்பதை 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். நிலத்தையும் பொழுதையும் மனசோடு முடிச்சுப் போடுவது நம் திணை மரபுக்குப் பழைய பழக்கம்: நெய்தலுக்குக் கடலும் இரங்கலும், முல்லைக்குக் கார்காலமும் காத்திருப்பும்.

அதனால் மழைநாளில் சோகப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவதை நோய் என்று சொல்ல மாட்டேன். (சொன்னால் நானே முதல் நோயாளி.) பாட்டு முடிந்த பிறகு மனசு கொஞ்சம் லேசானால் சரி. பழைய காயத்தையே சொறிந்துகொண்டிருக்க அதே பாட்டு பத்தாவது முறை ஓடுகிறது என்றால், அதை நிறுத்திவிட்டு எழுந்து நடப்பது நல்லது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, பாட்டு எதையுமே செய்யாமல் போவது. பிடித்தவற்றில் நாட்டம் போய்விடுவது மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. தொடர்ந்த மனவாட்டம் இன்னொன்று. முதலாவது அழுகை இல்லாமலே வரும். ஆள் வேலைக்குப் போவார், சிரிப்பார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டு வெறுமனே சலித்துப்போனால் இன்னொரு பாட்டு பிடித்துவிடும். இதில் அப்படி இல்லை. சாப்பாடு சப்பென்றிருக்கும், நண்பர் கூப்பிட்டால் போனை எடுக்கத் தோன்றாது. நாளின் பெரும்பகுதி இப்படி, 2 வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எந்த மாதத்தில் ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே பருவத்தில் வந்து தானாக விலகும் மனச்சோர்வு உண்டு. 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் அதை விவரித்தார்கள். வெயில் குறையும் குளிர்காலத்தில் வருவதே அதிகம்: தூக்கம் கூடும், மாவுப்பண்டங்கள் மேல் ஆசை கூடும். அதற்குக் காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரும் சிகிச்சை இருக்கிறது. விளக்கை நீங்களாக வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களை அது எதிர்ப்பக்கம், அந்த எழுச்சிக்கு, தூக்கிவிடலாம். கோடையில் வருவதும் உண்டு, குறைவாக. அப்போது தூக்கம் போகும், பசி போகும், எரிச்சல் ஏறும்.

'கடல்' பட்டியல்காரர் சிகிச்சைக்கு ஒழுங்காக வந்தார். பாட்டை வற்புறுத்திக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் மாதம் உட்கார்ந்ததும், "கடல் இன்னும் வரலை மேடம். ஆனா அந்த கிட்டாருக்குப் பின்னால சின்னதா ஒரு சலங்கைச் சத்தம் இருக்கு, இத்தனை வருஷம் கவனிச்சதே இல்லை" என்றார்.