ஃப்ரூட் சாலட் ஏன் தண்ணீர் விடுகிறது?

விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பழங்களை நறுக்கி, இரண்டு கரண்டி சர்க்கரை தூவி, ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. பரிமாறும்போது எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆப்பிள் பழுப்பேறியிருக்கிறது, வாழைப்பழம் கொழகொழவென்று ஆகிவிட்டது, தர்பூசணி சக்கையாகிவிட்டது, மாதுளையின் சிவப்பு எல்லாத் துண்டுகளிலும் ஏறியிருக்கிறது. பழங்கள் நல்ல பழங்கள்தான். கத்தி பட்ட நொடியில் பழத்துக்குள் சில வேலைகள் தொடங்கிவிடுகின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு நறுக்கினால் இதே பழங்கள் இரண்டு மணி நேரம் கழித்தும் மொறுமொறுப்பாக இருக்கும்.

பழச் சதை என்பது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பைகளின் அடுக்கு. ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே பெக்டின் என்ற பசைப்பொருளால் பிணைக்கப்பட்ட ஒரு சுவர், அதை ஒட்டி உள்ளே மெல்லிய சவ்வு, நடுவில் சர்க்கரையும் அமிலமும் கரைந்த சாறு. சாறு உள்ளிருந்து அழுத்துவதால்தான் பழம் விறைப்பாக இருக்கிறது. கடிக்கும்போது 'கறுக்' என்று கேட்பது அந்தப் பைகள் உடையும் ஓசை. தர்பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். முலாம்பழத்தில் 90, மாம்பழத்தில் 83, வாழைப்பழத்தில் 75. இவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்திருப்பது அந்தச் சவ்வுதான்.

சவ்வின் குணம் எளிமையானது: தண்ணீரைச் சுலபமாக விடும், சர்க்கரையை விடாது. வெளியே இருக்கும் கரைசல் உள்ளே இருப்பதைவிட அடர்த்தியாக இருந்தால், இரு பக்கமும் சமமாகும்வரை தண்ணீர் வெளியேறும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதுதான். மாங்காயில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் ஜாடியில் நீர் ஊறுவதும் இதனால்தான். ஊறுகாய்க்கு நாம் வேண்டி விரும்பிச் செய்வது சாலட்டுக்கு வினையாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழச் சாற்றில் சர்க்கரை சுமார் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய 25 கிராம். அது துண்டின் மேல் ஈரத்தில் கரைந்ததும் கெட்டியான பாகாகிறது. அந்தப் பாகு 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால் 180 மி.லி. தண்ணீர் தேவை. முழுவதும் வந்துவிடாது; தண்ணீர் போகப்போக பழத்துக்குள்ளும் அடர்த்தி ஏறும், நறுக்கிய முகத்தின் வழியாகக் கொஞ்சம் சர்க்கரை உள்ளேயும் போகும். ஆனாலும் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். அது பழத்தின் விறைப்பு. வெளியே வந்ததை வடித்துக் கொட்டினால் சுவையில் பாதியைக் கொட்டுகிறோம்.

ஆகவே முதல் விதி: காய்ந்த சர்க்கரையைத் தூவாதீர்கள். பழத்துக்குப் பழச் சாற்றையே ஊற்றுங்கள். ஆரஞ்சுச் சாற்றின் சர்க்கரை அளவு 10 முதல் 12 சதவீதம். பல பழங்களின் உள்ளிருக்கும் அளவும் அதற்குப் பக்கத்தில்தான். வெளியேயும் உள்ளேயும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தண்ணீருக்கு நகர வேண்டிய காரணமே இல்லை. மேலே பூசியது போலச் சாறு இருக்கும், துண்டு விறைப்பாகவே நிற்கும்.

கோடையில் கமலா ஆரஞ்சு கிடைக்காமல் சாத்துக்குடிதான் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிழிந்தவுடன் இனிக்கும் சாத்துக்குடிச் சாறு சில மணி நேரத்தில் கசக்கத் தொடங்கும். முழுப் பழத்தில் கசப்பில்லாத ஒரு பொருள், பிழியும்போது சாற்றின் அமிலத்தோடு கலந்து மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. விதையையும் வெள்ளைத் தோலையும் சேர்த்து நசுக்கினால் இன்னும் கசக்கும். எனவே சாத்துக்குடியை மிக்ஸியில் அடிக்காமல் கையால் பிழிந்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு மட்டும் ஊற்ற வேண்டும்.

ஆறு பேருக்கு இந்த அளவு சரியாக இருக்கும். பங்கனப்பள்ளி மாம்பழம் நடுத்தரமாக 2, தோல் சீவிய முலாம்பழம் 250 கிராம், தர்பூசணி 250 கிராம், ஆப்பிள் 1, விதையில்லாத பச்சைத் திராட்சை 150 கிராம், வாழைப்பழம் 2, சிறிய மாதுளை 1. மேலே ஊற்ற: ஆரஞ்சு அல்லது சாத்துக்குடிச் சாறு 100 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, தேன் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கிள்ளிய புதினா ஏழெட்டு இலை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் ஊட்டப்போவதாக இருந்தால் தேனை விட்டுவிடுங்கள்.

மாம்பழத்தில் பங்கனப்பள்ளியைச் சொன்னதற்குக் காரணம், நார் குறைவு, சதை இறுக்கம். கத்திக்கு நன்றாக நிற்கும். இமாம்பசந்தின் சுவைக்கு ஈடில்லைதான், ஆனால் நன்றாகக் கனிந்ததை நறுக்கினால் கூழாகிவிடும். அதைத் தனியாகவே சாப்பிடலாம். வாழையில் செவ்வாழையும் நேந்திரமும் உருக்குலையாமல் நிற்கும். மாம்பழம், வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா ஆகியவை பறித்த பிறகும் கனியும். திராட்சை, அன்னாசி, மாதுளை, தர்பூசணி அப்படியல்ல. பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை. புளித்த திராட்சையை வீட்டில் நாலு நாள் வைத்திருந்தாலும் இனிக்காது, சுருங்கத்தான் செய்யும். வாங்கும்போதே ஒன்றைச் சுவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நறுக்கும் அளவும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் துண்டில், ஒவ்வொரு கன சென்டிமீட்டர் சதைக்கும் 6 சதுர சென்டிமீட்டர் வெட்டு முகம் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் துண்டில் அது 3 ஆகக் குறைந்துவிடும். வெட்டு முகம் பாதியானால் உடைந்த செல்லும் பாதி, கசியும் சாறும் பாதி. பொடிப்பொடியாக நறுக்கிய சாலட் சீக்கிரம் நீர்த்துப்போவது இதனால்தான். தர்பூசணியையும் முலாம்பழத்தையும் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நறுக்குங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி செல்லை வெட்டாமல் நசுக்கும்.

ஆப்பிளும் வாழையும் பழுப்பாவது வேறொரு கதை. செல்லுக்குள் ஃபீனால் வகைப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. முழுப் பழத்தில் இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி நடுச்சுவரை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்ள, நிறமற்ற ஃபீனால்கள் குவினோன்களாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறமிகளாகின்றன. வாழைப்பழத்தில் இந்த நொதிக்கு இரையாவது டோபமின். நம் மூளையில் செய்தி கடத்தும் அதே வேதிப்பொருள்.

இதை நிறுத்த எலுமிச்சை இரண்டு வழியில் உதவுகிறது. அதன் அமிலம் நொதியை முடக்குகிறது, புளிப்பு ஏறி பி.எச். அளவு 3-க்குக் கீழே இறங்கினால் அந்த நொதியால் பெரிதாக வேலை செய்ய முடியாது. கூடவே அதிலுள்ள வைட்டமின் சி, உருவான குவினோன்களை மறுபடி நிறமற்ற ஃபீனாலாகவே திருப்பிவிடுகிறது. வைட்டமின் சி தீரும்வரைதான் இந்த இரண்டாவது பாதுகாப்பு. ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, ஆப்பிள் துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும். புளிப்பு வேண்டாம் என்றால் உப்பு நீர்: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஐந்து நிமிடம், பிறகு ஒரு முறை அலசல். உப்பிலுள்ள குளோரைடு நொதியைத் தடுக்கும். உப்பு போட்டால் தண்ணீர் விடுமே என்று தோன்றலாம். இது ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல்தான், பழச் சாற்றைவிட நீர்த்தது, ஆகவே நீரை இழுக்காது. வாழைப்பழம் தண்ணீரில் ஊறினால் குழைந்துவிடும்; அதைக் கடைசியில் நறுக்கி நேராக எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட வேண்டும்.

இனி வரிசை. வாழையைத் தவிர மற்றப் பழங்களை நறுக்குவதற்கு முன்பே, முழுதாகவே, மூன்று நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த சதையில் நொதிகள் மந்தமாகும், கத்திக்கும் இறுக்கமாக நிற்கும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், கனிவதும் கெட்டுவிடும். கனியாத மாம்பழத்துக்கும் இதே நிலைதான். குளிரில் வைத்த மாங்காய் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. அவசரத்துக்கு ஃப்ரீஸரில் வைக்க வேண்டாம். பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் பழம் தொளதொளவென்று ஆகும்.

முதலில் ஆப்பிள் நறுக்கி நீரில் போடுங்கள். அடுத்து திராட்சை, முழுதாகவே போடலாம், தோல் இருக்கும்வரை சாறு கசியாது. பிறகு மாம்பழம், முலாம்பழம். மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். தர்பூசணி, வாழை, மாதுளை, சாறு, உப்பு, புதினா எல்லாம் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான். மாதுளையின் சிவப்பு நிறமி நீரில் கரைவது; முத்துகளில் ஒன்றிரண்டு உடைந்தால் போதும், வாழையும் ஆப்பிளும் சாயமேறிவிடும். கரண்டியால் கிளறாமல் கிண்ணத்தைக் குலுக்கிக் கலப்பது நல்லது.

ருசி பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். இனிப்பை உணர்த்தும் செல்களில் அயனிகள் எனப்படும் மின்னேற்றத் துகள்கள் கடக்கும் ஒரு நுண்வழி, வெப்பம் குறைந்தால் மந்தமாகிவிடும். மணமும் குளிரில் எழும்பாது. ஆனால் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை குளிரக் குளிரக் கூடுதலாக இனிக்கும். அதன் மூலக்கூறுகளில் அதிகமானவை இனிப்பு மிகுந்த வடிவத்துக்கு மாறிக்கொள்கின்றன. தர்பூசணியிலும் ஆப்பிளிலும் திராட்சையிலும் ஃப்ரக்டோஸ் நிறைய உண்டு. மாம்பழத்தில் மிகுந்திருப்பது சுக்ரோஸ். தர்பூசணி ஐஸ் போலக் குளிர்ந்தாலும் இனிக்க, மாம்பழம் சற்றுச் சப்பென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சாலட்டை எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். சர்க்கரை போதவில்லை என்ற எண்ணமே பெரும்பாலும் போய்விடும். சிட்டிகை உப்பும் கசப்பை அடக்கி இனிப்பை முன்னுக்குக் கொண்டுவரும்.

கஸ்டர்ட் ஊற்றிச் செய்வதுதான் பல வீடுகளில் வழக்கம். அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. பவுடரைக் குளிர்ந்த பாலில் கரைத்தபின் கொதிக்கும் பாலில் ஊற்ற வேண்டும். சூடான பாலில் நேராகக் கொட்டினால் ஒவ்வொரு துகளின் வெளிப்புறமும் உடனே வெந்து, உள்ளே காய்ந்த மாவோடு கட்டியாகும். கெட்டியான பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். நன்றாக ஆறிய பிறகே பழம் சேர்க்க வேண்டும். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடாதீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பது, கொஞ்சம் கலந்தாலும் கஸ்டர்ட் நீர்த்துப்போகும்.

கஸ்டர்டிலும் ஐஸ்கிரீமிலும் பச்சையாகச் சேர்க்கக் கூடாதது அன்னாசி. அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகள் சில கசக்கும். அரை மணி நேரம் வைத்த அன்னாசிக் கஸ்டர்ட் கசப்பது பழத்தின் குற்றமல்ல. கிவியிலும் இதே போன்ற நொதி உண்டு. பப்பாளியில் பப்பைன் என்ற அதே வகை நொதி, கீறினால் வடியும் வெள்ளைப் பாலோடு இருப்பது காயில்தான். நன்றாகப் பழுத்ததில் மிகக் குறைவு. அன்னாசி வேண்டும் என்றால், துண்டுகளை அதன் சாற்றிலேயே ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்; சூட்டில் புரோமிலைன் செயலிழந்துவிடும். ஜெல்லிக்கும் இதே கதை: ஜெலட்டின் புரதம் என்பதால் பச்சை அன்னாசி போட்டால் உறையாது. ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசியில் செய்தால், அது மாவுச்சத்தைப் போன்ற வகை, அதை இந்த நொதி தொடாது.

கடைசியாகச் சொன்னாலும் கட்டாயம் செய்ய வேண்டியது, தோலைக் கழுவுவது. முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் மண்ணும் கிருமியும் தங்கும். கத்தி அவற்றைச் சதைக்குள் கொண்டுபோகும். ஓடும் நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள். முலாம்பழமும் தர்பூசணியும் புளிப்பு இல்லாதவை, அதனால் வெட்டிய பின் கிருமிகள் அவற்றில் வேகமாகப் பெருகும். 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாளில் நறுக்கிய பழம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. விருந்து நீளும் என்றால், பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் கிண்ணத்தை வையுங்கள்.

மிச்சம் இருந்தால் உடனே மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, அச்சில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். குச்சி ஐஸுக்கு உடைந்த செல் ஒரு குறையே இல்லை.