பாக்கெட்டை வழியிலேயே மறிப்பது

திருகோணமலை உப்புவெளியில் முன்பதிவுக்கும் கணக்குக்கும் சின்ன லினக்ஸ் சேர்வர் ஒன்று வைத்திருக்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். அதன் 22ஆம் போர்ட், அதாவது தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்நுழையும் வாசல், இணையத்துக்குத் திறந்திருந்தால், நடந்ததை எழுதிவைக்கும் லாக் கோப்பில் 'ரூட்', 'அட்மின்' என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ கடவுச்சொல் தட்டிக்கொண்டே இருப்பது தெரியும். ஆளில்லை, எல்லாம் தானியங்கி நிரல்கள். திருகோணமலை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தேவையில்லை.

இதற்குக் கைமருந்து, லாக் கோப்பைப் படித்து ஆளை அடைக்கும் ஃபெயில்டுபேன் என்ற நிரல். மாற்றாமல் விட்டால், 10 நிமிடத்துக்குள் 5 தடவை தவறும் முகவரியை 10 நிமிடம் ஃபயர்வாலில் (எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் காவலில்) அடைத்துவிடும். 'ஃபெயில்டுபேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச்டி' என்று தட்டினால் அடைபட்ட முகவரிகள் வரிசையாக வரும். முகாமையாளரே மாட்டிக்கொண்டால் 'அன்பேன்ஐபி' போட்டு எடுத்துவிடலாம். நிலாவெளிப் பக்கம் சிக்னல் இழுபறியாக இருந்தாலும் இதைப் போனிலிருந்தே செய்யலாம். போவதும் வருவதும் வெறும் எழுத்துதானே.

ஆனால் ஃபெயில்டுபேன் படிப்பது நடந்து முடிந்ததை. ஓடிக்கொண்டிருக்கும் பாக்கெட்டையே, அதாவது இணையத்தில் போகும் தரவுத் துண்டையே, பார்க்க ஸ்னார்ட், சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் நிரல்கள் வேண்டும். ஃபயர்வால் வழியான தடுப்பு முறையில் சூரிகாட்டா ஓடும்போது, லினக்ஸின் மையமான கெர்னல் பாக்கெட்டுகளை ஒரு வரிசையில் நிறுத்திவைக்கும். சூரிகாட்டா விதிகளோடு ஒப்பிட்டு 'விடு' என்றால்தான் பாக்கெட் நகரும். இங்கேதான் சிக்கல். சூரிகாட்டா விழுந்துவிட்டால் 'விடு' சொல்ல ஆளில்லை. விடுதியின் இன்டர்நெட் இந்த சேர்வர் வழியாகப் போனால், விடுதி முழுக்க அது நின்றுவிடும். ஃபயர்வால் விதியில் 'பைபாஸ்' சேர்த்தால் அந்த நேரம் பாக்கெட்டுகள் சோதனையின்றிப் போகும். விடுதிக்கு பைபாஸ் போதும் என்பேன். வங்கிக் கிளைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது விதிகள். விதிகளைப் புதுப்பிக்கும் 'சூரிகாட்டா-அப்டேட்' கருவி கொண்டுவரும் விதிகளில் பெரும்பாலானவை 'அலர்ட்' என்று தொடங்கும். எச்சரிக்குமே தவிர மறிக்காது. எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் 'ட்ராப்' (மறித்துக் கைவிடு) ஆக்கினால் விருந்தினரின் வீடியோ அழைப்பும் சேர்ந்து அறுந்துபோகலாம். கொஞ்ச நாள் அலர்ட்டிலேயே ஓடவிட்டு, சூரிகாட்டா எழுதும் 'ஈவ்' என்ற ஜேசன் வடிவப் பதிவை 'ஜேக்யூ' கருவியால் சலித்து, எந்த விதி எத்தனை முறை அடித்தது என்று பாருங்கள். வீணாகக் கத்துவதை நிறுத்தி, உறுதியானதை மட்டும் ட்ராப் பட்டியலில் சேருங்கள். அப்புறம் சூரிகாட்டாவைப் பெரிய 'டி' தெரிவோடு ஓட்டினால் அமைப்பைச் சோதித்துப் பிழையைச் சொல்லும். பிழையில்லை என்றால், ஓடும் சூரிகாட்டாவுக்குக் கட்டளை கொடுக்கும் 'சூரிகாட்டாஎஸ்சி' வழியாக 'ரீலோட்-ரூல்ஸ்' கொடுங்கள். சேவை நிற்காமலே புது விதிகள் ஏறிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. இணையத் தொடர்பைப் பூட்டும் டிஎல்எஸ் மறையாக்கத்துக்குள் போகும் கடவுச்சொல்லையோ செய்தியையோ சூரிகாட்டாவால் வாசிக்க முடியாது. எந்த முகவரி, எவ்வளவு தரவு, பெரும்பாலும் எந்தத் தளத்தின் பெயர் என்பவைதான் அதன் கண்ணில் படும்.