சான் டியேகோ தோட்டத்து நீரும் அர்ஜென்டினா எறும்பும்

தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் எறும்புத் தொல்லைக்காக என்னை அழைப்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது தோட்டத்துக் குழாயையும் புல்தரையின் விளிம்பையும்தான். அங்கே சாரை சாரையாக ஓடுவது பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிற அர்ஜென்டினா எறும்பாகவே இருக்கும்.

தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகைக்கு உரிய இந்த இனம், 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் கண்டறியப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவை அடைந்தது. இதன் உடல் விரைவில் ஈரமிழப்பதால், கோடையில் மாதக்கணக்கில் மழை காணாத கடலோரப் புதர்க்காடு இதற்கு ஏற்ற இடமன்று. அந்த வறட்சி என்னும் தடையை நீக்கியது நாம் பாய்ச்சும் நீரே. புதர்நிலத்தில் சோதனைக்காக நீர் பாய்ச்சியபோது இந்த எறும்பு பெருகியதையும், நிறுத்தியபின் குறைந்ததையும் இங்கு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. குடியிருப்பின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் வரை இது செறிந்து பரவுவதால், சாலைகளும் வீடுகளும் சிறு துண்டுகளாக்கிய பள்ளத்தாக்குகளில் இதன் கைக்கு எட்டாத உட்பகுதி என்பதே அரிதாகிவிடுகிறது.

தாயகத்தில் ஒன்றோடொன்று போரிடும் இதன் கூட்டங்கள், மரபணு வேறுபாடு குறைந்துபோன கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் பகைமையின்றி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கு வரையிலும் ஒரே பெருங்கூட்டமாக வாழ்கின்றன. பல ராணிகளையும் எண்ணற்ற வேலைக்கார எறும்புகளையும் கொண்ட அத்தகைய கூட்டத்துக்கு முன், விதைகளைச் சேகரிக்கும் உள்ளூர் அறுவடை எறும்புகளால் நிலைக்க முடிவதில்லை. அவற்றையே முக்கிய உணவாகக் கொண்ட கொம்புப் பல்லியின் குஞ்சுகள், அர்ஜென்டினா எறும்பைத் தின்று வளர்வதில்லை. குளிர்காலத்தில் நடமாடும் ஓர் உள்ளூர் இனமும், சில மிகச் சிறிய இனங்களும் தாக்குப்பிடிப்பது உண்மைதான். ஆனால் அவை அறுவடை எறும்பின் இடத்தை நிரப்புவதில்லை.

சுவரோரம் மருந்து தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது இரை தேடி வெளியே வந்த எறும்புகளைக் கொல்கிறதே தவிர, புற்றிலிருக்கும் ராணிகளைத் தொடுவதில்லை. அதிலுள்ள பைரித்ராய்டு என்னும் செயற்கைப் பூச்சிக்கொல்லி மழையோடு கலந்து ஓடைகளின் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சூட்டுகிறது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான போரிக் அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலை மூடிய இரைப்பெட்டியில் வைத்தால், வேலைக்கார எறும்புகளே அதை ராணிகளுக்கு ஊட்டிவிடும். மெதுவாகக் கொல்வதுதான் அதன் வலிமை. கூடவே ஒழுகும் குழாயைச் சரிசெய்து, பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதிக்கு நீரைக் குறைத்து, நாற்றங்காலிலிருந்து வரும் தொட்டியின் மண்ணில் இந்த எறும்பு இருக்கிறதா என்று சோதித்த பிறகே செடியை நட வேண்டும். தோட்டத்தின் ஓரத்தில் விதை சுமக்கும் பெரிய செந்நிற அறுவடை எறும்புகளைக் கண்டால், கொட்டும் என்று அஞ்சி நஞ்சிடாமல், குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சற்றுத் தள்ளி அமைத்துக்கொள்ளுங்கள்.