சொல் விளக்கம்: சன்ஷைன் சட்டம்

மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் டாக்டர்களுக்கும் பயிற்சி மருத்துவமனைகளுக்கும் தரும் பணத்தையும் சாப்பாடு போன்ற மற்றவற்றையும் ஆண்டுதோறும் அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது இந்த அமெரிக்கச் சட்டம். 2010-ல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 6002-ஆம் பிரிவு இது. செனட்டர்கள் சக் கிராஸ்லியும் ஹெர்ப் கோலும் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 'ஓப்பன் பேமென்ட்ஸ்' என்ற தளத்தில் 2014 செப்டம்பர் முதல் யாரும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

'சன்ஷைன்' என்றால் சூரிய வெளிச்சம். சூரிய வெளிச்சமே சிறந்த கிருமிநாசினி என்பார்கள் என்று, பகிரங்கமாக்கினால் முறைகேடு குறையும் என்ற பொருளில், 1913-ல் எழுதினார் அமெரிக்க வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ். பிற்பாடு அரசுக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சட்டங்களுக்கும் 'சன்ஷைன்' என்ற பெயர் நிலைத்தது. 1967-ல் ஃப்ளோரிடாவிலும் 1976-ல் ஒன்றிய அளவிலும் வந்தவை அவை.

'சூரிய ஒளிச் சட்டம்' என்று தமிழாக்கினால் மின்னுற்பத்தி என்றே படும். தமிழில் 'ஒளி' என்பதற்கு மறைத்துவை என்ற பொருளும் உண்டு. 'ஒளிவுமறைவு' அதிலிருந்துதான் வந்தது. 'வெளி' என்ற வேரே இங்கே பொருந்தும்: மருத்துவர் கொடுப்பனவு வெளிப்படைச் சட்டம். 'பேமென்ட்' என்ற பொருளில் 'கொடுப்பனவு' இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல். நாமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 'லஞ்சம்', 'கமிஷன்' என்று எழுதுவது தவறு. ஆலோசனைக் கட்டணம், காப்புரிமைத் தொகை, ஆராய்ச்சி நிதி போன்ற சட்டப்படியான வரவுகளும் இதில் அடக்கம். மருந்து எழுதிக் கொடுப்பதற்குக் கைமாறாகப் பணம் தருவதைத் தண்டிக்க அங்கே தனிச் சட்டம் இருக்கிறது.

சாப்பாட்டுக் கணக்கில்தான் குழப்பம் அதிகம். விற்பனைப் பிரதிநிதி கிளினிக்குக்கு 220 டாலருக்கு உணவு கொண்டுவருகிறார். ஒரு டாக்டரும் பத்து ஊழியர்களும் சாப்பிடுகிறார்கள் என்றால், டாக்டர் பெயரில் ஏறுவது 20 டாலர் மட்டும். சாப்பிடாத டாக்டர் பெயரில் எதுவும் ஏறக்கூடாது. வருகைத் தாளில் கையெழுத்திட்ட எல்லாரும் சாப்பிட்டதாக நிறுவனம் எழுதிவிட்டால் கணக்கு பிசகும். சட்டம் வந்தபோது ஒருமுறைக்கு 10 டாலருக்குக் குறைந்தவற்றைக் காட்ட வேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினால் அவையும் சேரும். இந்த வரம்புகள் விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்கின்றன. நோயாளிகளுக்கென்று தரும் இலவச மாத்திரை மாதிரிகள் இதில் வராது.

தவறான பதிவை மறுக்க, தகவல் வெளியாவதற்கு முன்பே டாக்டருக்கு 45 நாள் அவகாசம் உண்டு. தேடுபவர்கள் பெயரோடு ஊரையும் சிறப்புத் துறையையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். 'ஆராய்ச்சி' என்ற தலைப்பில் உள்ள பெருந்தொகை பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போவது. டாக்டரின் சொந்த வருமானமாக அதைக் கூட்டாதீர்கள்.