'டோர்ஸ்ட்' என்றால் தூசி இல்லை

கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் நான்கு வருடம் இருந்து, 92 வயதில் காலமான ஒரு டச்சு அம்மாவைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அவரும் நர்ஸ்தான். ஆம்ஸ்டர்டாமில் பயிற்சி முடித்து, 1950களில் கப்பலேறி ஹாலிஃபாக்ஸின் பியர் 21 துறையில் வந்திறங்கியவர். 40 வருடம் இங்கே வார்டு வார்டாக உழைத்தார்.

எங்களிடம் வந்தபோதே மறதி நோய் முற்றியிருந்தது. ஒரு மதியம் மேஜையைக் காட்டி "டோர்ஸ்ட், டோர்ஸ்ட்" என்றார். என் காதில் 'டஸ்ட்' என்று விழுந்தது. துணியால் துடைத்தேன். மறுபடி சொன்னார், மறுபடி துடைத்தேன். மேஜைமேல் தண்ணீர் ஜக் இருந்தது. அவர் கைக்கு எட்டாத தூரத்தில். மாலையில் வந்த மகள்தான் சொன்னார், டச்சு மொழியில் அது தாகம் என்று. இன்றும் அந்தத் துணி என் கையில் இருப்பதுபோல் உறுத்துகிறது. இந்த வயதில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, புத்தி தடுமாற்றம், கீழே விழுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மறதி நோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப்போய், தாய்மொழி மட்டும் தங்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். புரியாதபோது 'உளறுகிறார்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதாதீர்கள். வலி, தாகம், குளிர், பாத்ரூம், பயம் இவற்றுக்கு அவர் வாயில் வரும் சொல் எது என்று வீட்டார் எழுதிக் கொடுத்தால் தலைமாட்டில் ஒட்டிவைப்போம். டொராண்டோவில் அம்மா அப்பாவை இல்லத்தில் சேர்த்திருக்கும் நம் பிள்ளைகளிடமும் இதையேதான் கேட்கிறேன்.

அடுத்தது ரொட்டி. சாப்பாட்டில் கொஞ்சம் ரொட்டியைப் பேப்பர் நாப்கினில் சுற்றித் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பார். பூசணம் பிடிக்கிறதே என்று நாங்கள் எடுத்துப் போட்டால் அன்று முழுக்க அழுவார், எங்களை அடிப்பார். மருந்தைக் கூட்டலாமா என்று பேச்சு வந்தபோது மகள்தான் 1944ஆம் வருடத்துப் பனிக்காலத்தைச் சொன்னார். செப்டம்பரில் டச்சு ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, உலகப்போரில் நெதர்லாந்தைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் தடுத்தார்கள். கால்வாய்களும் உறைந்துபோயின. ரேஷன் ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். 1945 மே மாதம் கனடியப் படைகள் ஆம்ஸ்டர்டாமுக்குள் வந்தபோது இவருக்கு 12 வயது.

அவர் கட்டிலருகே ஒரு தகர டப்பா வைத்தோம். தினமும் காலையில் புது ரொட்டி இரண்டு துண்டு. ஒளித்துவைப்பது ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. மருந்து கூட்டவில்லை.

நள்ளிரவில் எழுந்து மற்றவர் அறைகளுக்குள் போவார். 'அலைகிறார்' என்பது எங்கள் குறிப்பு. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலாக நின்று, புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போர்வையின் மூலையை மடித்துச் செருகிவிட்டு நகர்ந்தார். ரவுண்ட்ஸ்! அதன்பிறகு நைட் டியூட்டியில் யாராவது ஒருவர் கூடவே நடந்தோம். டச்சில் நர்ஸை 'ஸுஸ்தர்' என்பார்கள். ஊரில் நாம் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிற அதே உறவுச்சொல். "ஸுஸ்தர், ஷிஃப்ட் முடிந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் போய்ப் படுத்துக்கொள்வார்.

கடைசி மூன்று நாள் கண் திறக்கவில்லை. விழுங்கவும் முடியவில்லை. ஸ்பாஞ்சுக் குச்சியை நனைத்து, காதருகே குனிந்து "டோர்ஸ்ட்?" என்று கேட்டேன். வாயைக் கொஞ்சமாகத் திறந்தார்.